முதுகுவலி

ரூவி சுகாதார மையம், மூன்றாம் மேசை.
அரசாங்க முத்திரை போட்ட மாத்திரை அட்டை, இலவசம்.
எண்ணிக் கொடுப்பது நான்.

வேறு மேசை கேட்டு மனு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் மனச்சாட்சி எனப் போட்டு
அடித்துவிட்டு
முதுகுவலி என்றேன்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து
ஃபாதர் லியாண்டர் கேட்டார்:
உயிரின் வாசலில் அரசாங்கத்துக்கு என்ன வேலை, ஜெனோவா?
எனக்கும் அதே கேள்விதான்.

எட்டுப் பெற்றவள் ஷம்ஸா.
போன வருடம் பிரசவ வார்டில்
அவளுக்கு ரத்தப் பை மாற்றியது நான்.
இன்று கை நீட்டினாள்.
மனு இன்னும் மேலே போகவில்லை.
கொடுத்தேன்.

ராத்திரி மணப்பாட்டிலிருந்து அவர்:
இந்த லீவுக்காவது ஒன்று தங்குமா?

இரண்டு வருடத்துக்கு முப்பது நாள்.
அதில் ஐந்து நாள் தூரம்.
விசாத் தாளை எடுத்துப் பார்த்தேன்.
அதிலும் அதே முத்திரை.