வெள்ளிப் பென்சில்

டப்பாவில் இருபத்து நான்கு.
வெள்ளி நிறத்தது மட்டும் வாங்கிய கூரோடு கிடக்கிறது.
ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள் ரன்வோ:
செத்த மீனின் வயிறு.

கெட்டிலில் வெள்ளி எங்கே இருக்கிறது?
ஜன்னலின் நீலம்,
இடுப்பொடிந்து நிற்கும் அலமாரியின் பழுப்பு,
மூடியோரம் கரிய கோடு ஒன்று,
அதையொட்டி
ஒன்றுமே தீட்டாத தாள்.
மூச்சைப் பிடித்து அந்த ஒன்றுமில்லாததைக் காக்கிறாள்.
விரல் பட்டால் போச்சு பளபளப்பு.

கிளாக்ஸ்விக்கில் மூன்று மணிக்கே இருட்டு.
விளக்கைப் போட்டதும்
கெட்டிலின் தோளில் புதிதாய் ஒரு மஞ்சள்,
கடுகளவு.

மேசையில் மஞ்சள் எதுவும் இல்லை.
இருந்தும் தீட்டுகிறாள்.
எலுமிச்சை மஞ்சள் அடியில்,
ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு அழுத்தி.
ஒரு கை தொங்குகிறது. பிறகு தொப்பி.

முதுகுக்குப் பின்னால், கதவில்
ஹொக்னியின் மழைக்கோட்டு.
விடிகாலைச் சண்டையில்
எடுக்காமலே படகுக்குப் போயிருக்கிறான்.

கூரைத் தகரத்தில் மழை வலுக்கிறது.
அவள் திரும்பவில்லை.
மஞ்சளைச் சீவுகிறாள்,
கூரான பின்னும் சீவுகிறாள்.

டீக்கு நாக்கு தவிக்கிறது.
குழாய்த் தண்ணீரைப் பிடித்தால்
கெட்டிலுக்கு
மேலெல்லாம் வேர்த்துவிடும்.