மூன்று பகல், இரண்டு இரவு

'விசா கேட்காத ஐரோப்பா,
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது திர்ஹாம், காலை உணவு உட்பட'
ரோலா சந்தில் ஒட்டியிருந்த தாளை
நெய்னா கிழித்துக்கொண்டே வந்துவிட்டான்.
திபிலீசி ஐரோப்பாவில்தானா என்று தேவசகாயத்துக்குச் சந்தேகம்.
வரைபடத்தில் பாதிக்குப் பாதி என்றேன்.
இந்த விலைக்குப் பாதிதான் தருவான் என்றான் நெய்னா.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை.
அறையில் நான்கு கட்டில்,
புறப்பட்டவர் மூவர்.
குகதாசனின் பாஸ்போர்ட் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள்.
கேட்டால் தருவார்கள்.
கேட்டவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று
அவனுக்குத் தெரியும்.
"மழை பெய்தால் ஒரு வீடியோ அனுப்புங்கோ"
என்று மட்டும் சொல்லி
எங்கள் பெட்டிகளை லிஃப்ட் வரை தூக்கி வந்தான்.

வழிகாட்டிப் பெண் எதற்கும் பத்து நிமிடம்தான் கொடுத்தாள்.
கோட்டைக்குப் பத்து.
கந்தக வாடை வீசும் குளியல் மண்டபக் கூரைகளுக்குப் பத்து.
மலைமேல் நிற்கிற அலுமினியத் தாய்க்கும் பத்துதான்:
ஒரு கையில் வாள், பகைவனுக்கு;
மறு கையில் கிண்ணம், விருந்தாளிக்கு.
கூலிக்கு வந்தவன் எந்தக் கைப் பக்கம் நிற்பது என்று
தேவசகாயம் கேட்க வாயெடுத்தான்.
பஸ் ஹாரன் அடித்தது.

காதில் மஞ்சள் வில்லை மாட்டிய தெருநாய் ஒன்று
இரண்டு நாளும் எங்கள் பின்னாலேயே.
ஊசி போட்டாயிற்று, ஊரில் இருக்கலாம் என்று அர்த்தமாம்.
"லேபர் கார்டு" என்றான் நெய்னா.
சிரித்தோம்.
அப்புறம் ஆளுக்கொரு துண்டு
பாலாடை ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டோம்.

இரண்டாம் நாள் மாலை வந்தது அது.
ஊர்க்காரர்கள் மரப் பால்கனிகளுக்கு அடியில் ஒதுங்கினார்கள்.
நடுத்தெருவில் நின்றது
நாங்கள் மூவரும்
துபாயிலிருந்து வந்த ஒரு பிலிப்பினோ குடும்பமும்
அபுதாபி ஆஸ்பத்திரியின் நான்கு நர்ஸ்களும்.
யாரும் யாருடனும் பேசவில்லை.
ஒரு குழந்தை வாயைத் திறந்து வைத்திருந்தது.
குடை விற்க ஓடி வந்தவன்
எங்களைப் பார்த்துக் குழம்பிப்போனான்.
கருநீலத்தில் ஒன்று வாங்கினோம்,
விரித்து
எங்களுக்குப் பிடிக்காமல்
மழைக்குப் பிடித்தோம்.
சொட்டச் சொட்ட மடக்கி
பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு
பெட்டிக்கு அடியில் வைத்தோம்.
வீடியோ எடுக்க மறந்துவிட்டது.

சார்ஜா. இரவு பதினொன்று. முப்பத்தெட்டு டிகிரி.
கதவைத் திறந்ததும் குகதாசன் கேட்டான்:
"சரிஞ்ச மணிக்கூண்டில
மணிக்கொரு தரம் தேவதை வந்து சுத்தியலால அடிக்குமே, பாத்தனீங்களோ?"
எந்த மணிக்கூண்டு?
"அதுக்குப் பின்னால இருக்கிற கடையிலதானே
நாப்பது நிமிசம் இருந்தனீங்கள்!"
மூன்று நாளும் அவன் கைபேசியில்
ஒரு நீலப்புள்ளியாய் ஊர்ந்திருக்கிறோம்.
ஆற்றின் பெயர் எங்கள் மூவருக்கும் வாயில் வரவில்லை.
மிட்க்வாரி என்றான்,
நாக்கு இடறாமல்.

முடிச்சை அவிழ்த்து
இரண்டு கட்டில்களுக்கு நடுவில் குடையை விரித்தான்.
மடிப்பில் தங்கியிருந்தது
ஏழெட்டுச் சொட்டு இருக்கும்.
ஒன்று அவன் புறங்காலில் விழுந்தது.
காலை எடுக்கவில்லை.
ஏசியை நிறுத்தச் சொன்னான், கொஞ்ச நேரம்.
நிறுத்தினோம்.
நனைந்த சட்டை மூன்றுக்கும்
யார் பொறுப்பென்று கத்த ஆரம்பித்த நெய்னா
பாதியில் விட்டுவிட்டான்.

விடிகாலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்:
கக்கத்தில் தலைக்கவசம் இடுக்கிய வரிசையில்
ஒரே ஒரு கருநீலக் குடை,
வெயில் வருமுன்பே விரிந்து.