முட்டை வராத புதன்

வாலாஜா தாண்டி சோளிங்கர் பாதையில்
இறங்கி நடந்தால் அந்த மதில்.
நான்கு வருஷம் உள்ளேயிருந்து பார்த்தது.
வெளியிலிருந்து பார்க்க
உயரம் கம்மியாக இருக்கிறது.

இப்போது நான் ஆய்வாளர்.
கழுத்தில் அட்டை, கையில் நாற்பத்தாறு படிவம்,
கூட ஷமீம்:
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்,
ஞாயிறுகளை எங்களுக்குத் தந்தவள்.
வாட்ச்மேன் எத்திராஜ்
அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
"நீயா?" என்றார்.
கொஞ்சம் கழித்து, "நீங்களா?"

கேள்வி ஒன்று: பெயர்.
"குப்பம்மான்னு எழுது. ஆனா
எட்டாம் நம்பர்னு கூப்ட்டாதான் திரும்புவேன்."

கேள்வி ஐந்து: உங்களைச் சேர்த்தது யார்?
"தம்பி. பேரணாம்பட்டுல
ஒன்றரை ஏக்கரா கீது.
அத்த எழுத எடம் கீதா இதுல?"
இல்லை. ஓரத்தில் எழுதினேன்.
அன்றைக்கு எல்லாப் படிவத்திலும்
ஓரங்கள்தான் நிறைந்தன.

கேள்வி பதினேழு:
எப்போது விடுவார்கள் என்று யாராவது சொன்னார்களா?
கோதண்டம் விசிறியைப் பார்த்துச் சிரித்தார்.
"தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலைன்னு
நம்ம ஜில்லாவைக் கிண்டல் பண்ணுவாங்களே,
தேதியில்லாத தண்டனைன்னு
ஒண்ணு சேத்துக்க."
ஷமீம் பேனாவை மூடினாள், திறந்தாள்.

ஆறு மாதத்துக்கொருமுறை குழு வரும்.
மூன்று நாற்காலி, ஒரு ஜக் தண்ணீர்.
சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள்.
முதல் கேள்வி எப்போதும்:
இன்றைக்கு என்ன கிழமை?

உள்ளே காலண்டர் கிடையாது.
ஆணி இருந்தது;
ஆணி ஆபத்தென்று பிடுங்கிவிட்டார்கள்.
சாம்பாரில் முள்ளங்கி கிடந்தால் திங்கள்.
தட்டில் முட்டை உருண்டால் புதன்.
நாக்கில்தான் நாங்கள் நாள் கிழித்தோம்.

போன ஜூலையில் முனிரத்தினம்
"செவ்வாய்" என்றார்.
காலம் பற்றிய தெளிவில்லை என்று எழுதி
இன்னும் ஆறு மாதம்.
அன்று ஒன்பது பேர் செவ்வாய் என்றார்கள்.
படிவங்களைத் தரையில் பரப்பிவைத்து
ஷமீம்தான் கேட்டாள்:
"ஒன்பது பேரும் எப்படிக்கா
ஒரே மாதிரி தப்பு பண்ணுவாங்க?"

தகவல் உரிமையில் மனு போட்டோம்.
நாலு மாதம் கழித்து
ஸ்டோர் பதிவேட்டின் ஜெராக்ஸ் வந்தது, பாதி கறுப்பாய்.
ஜூலை மூன்றாம் புதன்:
நாமக்கல் லோடு வரவில்லை.
முட்டை: இல்லை.

முட்டை வரவில்லை,
அதனால் புதன் வரவில்லை.
ஒன்பது பேரும் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

எனக்குப் பசித்தது. அழவேண்டும் என்றிருந்தது,
ஆனால் பசித்தது.
பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ரெண்டு அவித்த முட்டை
மிளகுத்தூள் போட்டு வாங்கித் தின்றோம்,
கிழமை எதுவென்று பாராமல்.

அறிக்கை முப்பத்தொரு பக்கம்.
கோரிக்கை பதினொன்று. பத்தை வக்கீல் திருத்தினார்.
கடைசியை முனிரத்தினம் சொன்னபடியே விட்டோம்:
ஒரு காலண்டர். ஆணியோடு.

கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில்
முத்திரை குத்துகிறவர்
எங்கள் கட்டைப் புரட்டினார், மூக்கைச் சொறிந்தார்,
பக்கத்து மேஜையிடம் கேட்டார்:
"இன்னிக்கி இன்னா கெழமப்பா?"

யாரோ ஏதோ சொன்னார்கள்.
குத்தினார்.
ஐந்தரைக்கு
வீட்டுக்குப் போவார்.