முப்பத்திரண்டில் அது அசைவதில்லை

சிபொனேலோவின் டாக்சி
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் மேட்டில் ஏறும்போது
முதலில் வருவது பாட்டல்ல.
என் அலமாரியில் டம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

அவன் இதைவிடப் பெரிதாக வாங்கிவிட்டான்.
பழைய பன்னிரண்டு அங்குலத்தை
அறுநூறு ராண்டுக்கு என்னிடம் தள்ளிவிட்டு
"பெட்டி உன் பாடு, சிஸி" என்றான்.

பெட்டி என் பாடு.

பலகைக் கடையில் பில் போடுகிறவள் நான்,
அளவு எனக்குப் புதிதில்லை.
காற்றை அளப்பதுதான் புதிது.
அறுபது லிட்டர் கேட்கிறது இந்த ஸ்பீக்கர்.
அதை முப்பத்திரண்டு ஹெர்ட்ஸில் முனக வைக்க
முப்பதுக்கு நாலு சென்டிமீட்டரில் ஒரு வாய்,
ஐம்பது சென்டிமீட்டர் தொண்டை.
டாஸ் காரின் டிக்கியில் அவ்வளவு நீளம் நேராகப் போகாது.
முழங்கை போல மடக்கினேன்.

"ஓட்டை எதுக்கு? காத்து போயிடுமே" என்றான் தயாளன்.
போகட்டும் என்றுதான்.
கூம்பு முன்னால் தள்ளும்போதெல்லாம்
முதுகுப்பக்கமும் அதே அளவு காற்று இழுபடுகிறது.
மூடிய பெட்டி அதை விழுங்கிவிடும்.
விழுங்காமல், கொஞ்சம் தாமதப்படுத்தி,
முன்பக்கம் கொண்டுவந்து சேர்க்கத்தான் இந்த வாய்
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அவன் டீ போடப் போயிருந்தான்.

சனிக்கிழமை இரவு.
பதினெட்டு மில்லி எம்டிஎஃப்,
மூலை நசுங்கியதால் பாதி விலை.
முதல் துண்டில் ஜிக்சா பாதி போனபோது
மின்சாரம் போயிற்று.
அட்டவணையில் இருந்ததுதான்,
நான்தான் பார்க்கவில்லை.
பலகையைக் கடித்தபடியே நின்றது ரம்பம்.

இரண்டு மணி நேரம்.
வேறு வேலையில்லாமல் போன் வெளிச்சத்தில்
தண்ணீர் பில்லின் பின்பக்கக் கணக்கை மறுபடி படித்தேன்.
தொண்டையைக் கழிக்கவே இல்லை!

காற்று போகும் வழி
காற்றிருக்கும் இடத்தைத்தான் தின்கிறது.
வழியின் பலகையும் தின்கிறது.
ஸ்பீக்கரின் காந்தம், கூடு, மூன்று லிட்டர்.
குறுக்கே ஒரு சட்டம்.
எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு.
அறுபது வேண்டுமானால்
எழுபத்திரண்டு கட்ட வேண்டும்.

இரண்டறை வீட்டில் ஏழு பேர்,
நடைவழியில் பாய் போட்டுப் படுத்து
பாத்ரூம் போகிறவர்களிடமெல்லாம் மிதிபட்டு
வளர்ந்தவள் நான்.
இதை எப்படி மறந்தேன்?

பாதி அறுத்த துண்டு வீணாகவில்லை,
தொண்டைக்கு ஆயிற்று.

ஞாயிறு முழுக்கப் பசை, திருகு, மறுபடி பசை.
வாயின் விளிம்பை உப்புத்தாளால் உருட்டினேன்.
கூராக விட்டால் காற்று அங்கே இடறி
புஸ்ஸென்று இரையும்.
மூலையில் வழிந்த பசையில்
என் வலது செருப்பு ஒட்டிக்கொண்டது.
இன்னும் அதன் அடி சொரசொரப்புதான்.

வாசலில் காரை நிறுத்தி
போனிலிருந்து ஒற்றைத் தொனி கொடுத்தேன்.
ஐம்பதில் கூம்பு துள்ளியது.
நாற்பதில் நடுங்கியது.
முப்பத்தைந்து, முப்பத்துமூன்று,
முப்பத்திரண்டில்
நின்றேவிட்டது.

"எரிஞ்சுபோச்சு" என்றான் தயாளன்.
அவன் கையைப் பிடித்து வாயருகே வைத்தேன்.
சட்டைக் கை படபடத்தது.
பின் கண்ணாடியில் தெருவிளக்கு நெளிந்தது.
கூம்பு மட்டும்
ஒன்றும் அறியாதது போல இருந்தது.

ஆசையில் இருபதுக்கு இறக்கினேன்.
பிடிமானம் விட்டுப் பாய்ந்தது பாருங்கள்,
பதறி அணைத்தேன்.
கீழே போகவிடாமல் தடுக்க ஒரு ஃபில்டர் வேண்டும்,
அது அடுத்த மாதச் சம்பளம்.

மறுபடி முப்பத்திரண்டு.

பக்கத்துப் பாதியிலிருந்து மிசஸ் முனிசாமி
கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.
"எந்த டாக்சிக்காரன் இது, இந்நேரத்துக்கு?"

மேட்டுச் சாலை காலியாக இருந்தது.
நானும் அவரோடு சேர்ந்து
அக்கறையாக அந்தப் பக்கம் பார்த்தேன்.

டாஸின் நம்பர் பிளேட்தான்
கடகடவென்று காட்டிக்கொடுத்தது.