மூன்றில் ஒரு பங்கு

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளில்
பிரேக் பிடிக்காதவை எனக்குச் சோறு போடுகின்றன.
ஒளிக்க ஒன்றுமில்லை.
தருமபுரி கோர்ட்டுக்கு எதிர் மாடியில்
முப்பத்தோரு வருடமாக
விபத்து வழக்குகளுக்கு மனு அடிக்கிறேன்.

உயிருக்கு வாய்ப்பாடு உண்டு.
மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கு.
செத்தவர் தனக்கென்று செலவழித்திருப்பதைக் கழி.
மிச்சத்தை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கு.
இருபது வயதுக்குப் பதினெட்டு,
முப்பத்தெட்டுக்குப் பதினைந்து,
எழுபதுக்கு ஐந்து.

ஞாயிறு பூசையில் கோவிலூர்ப் பங்குச்சாமியார்
எல்லா ஆன்மாவும் ஆண்டவருக்கு ஒரே விலை என்பார்.
தலையாட்டுவேன்.
திங்கள் காலை கால்குலேட்டரைத் துடைப்பேன்.
இரண்டுக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் தூரம்,
அதில் பெரும்பாலும் தூங்கிவிடுவேன்.

ஐப்பசியில் பாலக்கோட்டிலிருந்து குமுதா வந்தாள்.
புருஷன் மாதையன், மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவன்.
கிரானைட் கல்லோடு வந்த ட்ரெய்லர்
இரண்டாவது வளைவில் புரண்டது.
கூட ஐந்தாவது படிக்கிற மகள்,
வாய் திறக்காத மாமியார்.

பழைய வாய்தாத் தாளின் முதுகில் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.
மாதம் பன்னிரண்டாயிரம் என்று நிரூபிக்கலாம்.
வருடம் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.
மூன்றில் ஒரு பங்கு போக...

விரல் வந்து காகிதத்தில் நின்றது.
தக்காளிச் சாறு கறுத்த நகம்.
"இது எதுக்குங்க போவுது?"

அவர் இருந்திருந்தால் அவருக்கென்று செலவாகியிருக்கும் அம்மா,
சோறு, துணி, பீடி.
இனி அந்தச் செலவு இல்லை,
அதனால் உங்களுக்கு அதில் நஷ்டமும் இல்லை.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.

"அப்ப அதுதானுங்களே அந்தாளு.
மிச்சமெல்லாம் நாங்க.
அந்த மூணுல ஒண்ணக் கேட்டு எழுதுங்க.
மத்தது வந்தா வருது, வராட்டிப் போவுது."

அப்படி எழுத முடியாது என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனுவில் இருக்கிறவர்கள் எல்லாம் உயிரோடிருக்கிறவர்கள்.
மனைவி இழந்தது இவ்வளவு, மகள் இழந்தது இவ்வளவு,
ஈமச்செலவு தனி.
செத்தவன் என்ன இழந்தான் என்பதற்குப் பத்தி கிடையாது.
உலகமே கையைவிட்டுப் போனவனுக்கு
பைசா நஷ்டமில்லை என்று
எத்தனை ஆயிரம் முறை தட்டச்சு செய்திருக்கிறேன்,
ஒற்றுப்பிழை இல்லாமல்.

அன்று மாலை எல்லோரும் போனபின் கழித்ததைக் கூட்டினேன்.
நாற்பத்தெட்டாயிரம், பதினைந்து தரம்.
ஏழு லட்சத்து இருபதாயிரம்.
யாருக்கும் போய்ச் சேராத தொகை.
அதற்குள் மண்டி வாசலில் விடிகாலை டீ இருக்கிறது,
இரண்டு பேர் குடித்துக் காசு ஒருவன் கொடுத்தது.
முடிவெட்டு, கால் ஆணிக்குக் களிம்பு,
ஒரு தரம் மட்டும் வாங்கி
அவளுக்குத் தெரியாமல் ஒளித்த கூலிங் கிளாஸ்.
தேய்பிறை அஷ்டமிதோறும் அதியமான்கோட்டைக்குப் போய்
பைரவர் முன் சாம்பல் பூசணியில் ஏற்றிய விளக்கு.
அது குடும்பச் செலவுதானே என்று கேட்டிருந்தேன்.
"என்ன வேண்டிக்கிட்டாருன்னு எங்கிட்ட சொன்னதில்லைங்க"
என்றாள்.
அவன் கணக்கிலேயே விட்டேன்.

பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டு மனு போயிற்று.
கம்பெனி வக்கீல் வருமானச் சான்று எங்கே என்கிறார்.
வாய்தா தை மாதம்.

எனக்கு வயது ஐம்பத்தேழு. எண் ஒன்பது.
கல்யாணமாகாதவனுக்குப் பாதி கழிப்பார்கள்.
மீதிப் பாதியைக் கேட்டு வர ஆளில்லை.

பஸ் ஸ்டாண்டில் டீயும் ஒரு வர்க்கியும் வாங்கினேன்.
வர்க்கி நமுத்திருந்தது, ருசியாகவும் இருந்தது.
இருபத்திரண்டு ரூபாய்.
கழித்துக்கொள்ளட்டும்.