வெளிப்பெட்டி

ஜூன் கடைசியில் தொடங்கும் நாற்பது நாளுக்கு
தாஷ்கெண்ட்டில் சில்லா என்று பெயர்.
பெயரில் மட்டும்தான் சில்.

எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே
கயிற்றில் தொங்குகிறான் எர்காஷ்.
இடுப்பில் ஸ்பேனர், வாயில் இரண்டு போல்ட்.
இந்தச் சுவரில் மாவை அறைந்தால்
ரொட்டி வெந்து விழும்.

ஒன்பதாம் மாடி ஜன்னல் திறக்கிறது.
"கீழ்வீட்டுப் பெட்டியை எங்கே பார்த்து மாட்டுகிறாய்?
அதன் மூச்செல்லாம் என் அடுப்படியில்."
ஹோசியத். பல் ஆஸ்பத்திரியில் இரவு வேலை,
பகலில்தான் தூக்கம், வந்தால்.

போல்ட்டைக் கையில் துப்பிக்கொண்டு சொல்கிறான்:
"சூடு மேலேதான் ஏறும் அக்கா. நான் என்ன செய்ய?"

அவள் நகரவில்லை.
ஜன்னல் விளிம்பில் கை ஊன்றி, சுட்டு, உதறிக்கொண்டு
கீழே காட்டுகிறாள்,
கார்கள் வரிசையாக வேகிற இடத்தை.

அந்த மூன்றாவது வெள்ளைக் கார் நிற்பது என் முற்றம்.
வாசலை ஒட்டி வாய்க்கால்.
பொழுது சாய ஒரு வாளி மொண்டு மண்ணில் விசிறினால்
நடுச்சாமம் போர்வை தேடும்.

அளக்க வந்த பையன் நல்ல பையன்தான்.
சுவரை அளந்தான், கூரையை அளந்தான்,
கோழிக்கூண்டைக்கூட விடவில்லை.
திராட்சைக் கொடிக்குக் காசு உண்டு என்றான்.
நிழலுக்கு? என்றேன்.
காலையில் கதவடியில் கிடக்கிறது,
மதியம் கட்டிலுக்கு வருகிறது.
ஓரிடத்தில் நில்லாததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பாவம்.

ஐம்பத்து நான்கு சதுர மீட்டர் தந்தார்கள்.
குறை சொல்லக் கூடாது.
வெந்நீர் வருகிறது, லிஃப்ட் ஓடுகிறது,
பனிக்காலத்தில் கரி சுமக்க வேண்டாம்.
ஆனால் வேலை முடிந்து விடியலில் கதவைத் திறந்தால்
நேற்றைய வெயில்
இன்னும் வீட்டுக்குப் போகாமல்
சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எர்காஷ் பதில் சொல்லவில்லை.
வாயில் மறுபடி போல்ட்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கும் மாட்டினான்.
பன்னிரண்டு மாதத் தவணை.
பெட்டி இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
உள்ளே ஹோசியத்
செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனாள்.

இறங்குமுன்
உள்ளங்கையை வெளிப்பெட்டி முன் நீட்டிப் பார்த்தான்.
அண்ணாந்தான்.
சட்டைப்பையிலிருந்து நோட்டை உருவி,
யாரும் கூப்பிடாமலே,
பென்சிலால் குறித்துக்கொண்டான்:
பத்தாம் மாடி.