கலம்

கலம் என்றால் உயிரின் மிகச் சிறிய அறை
என்றார் உயிரியல் ரீச்சர்.
யன்னலுக்கு வெளியே, சீனன்குடாப் பக்கம்
கோதுமைக் கப்பல் ஒன்று நின்றது.
அதுவும் கலம்தான் என்றார்
அடுத்த பாடத்துக்கு வந்த தமிழ் சேர்.
இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினேன்.

இப்போது ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் வேலை.
என் இயந்திரம் கலங்களைக் காட்டாது.
கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல்,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உதுமாலெவ்வை, வயது அறுபத்து மூன்று,
மூதூர் லோஞ்சில் சுக்கான் பிடித்தவர்.
மகள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம்.
சுபஹுத் தொழுகைக்குப் போனவர்
திரும்புகையில் படலையைக் கடந்து, மீண்டும் கடந்து
பத்து மணி வரை அதே ஒழுங்கையில் நடந்திருக்கிறார்.
படத்தில், வலப்பக்கம்,
கடற்குதிரையின் பெயர் வைத்த மடிப்பில்
நகக்கண் அளவு இருட்டு.

வீட்டுக்கு வழி கீறுங்கள் என்று
டொக்டர் பேனையைக் கொடுத்தார்.
அவர் கொட்டியாரக் குடாவைக் கீறினார்.
இறங்குதுறை. கோணேசர் மலை முனை.
கங்கை வந்து விழும் இடத்துக் கலங்கல்.
மூதூரை நோக்கி நேரே போன கோடு
நடுக்கடலில், ஒன்றுமில்லாத இடத்தில்
வளைந்து சுற்றிப் போனது.
"இதால நேரா போக ஏலா மகள்,
மிதவை ஒண்டு கிடக்கு."
மருமகன் என் காதுக்குள் சொன்னார்,
அதை எடுத்து இருபது வருஷமாம்.

தேத்தண்ணி நேரம்.
டொக்டர் ஹேமச்சந்திர பிளேன்ரீக் கோப்பையை
மேசையில் நகர்த்தி நகர்த்தி விளக்கினார்:
எலி இந்த மூலைக்கு வந்தால் ஒரு கலம் பேசும்,
அந்த மூலைக்கு வேறொன்று.
தலை எந்தத் திக்கில் என்று சொல்ல ஒரு கூட்டம்,
நிலத்தைத் தேனடைபோல
அறுகோணம் அறுகோணமாக விரித்து அளக்க ஒரு கூட்டம்.
பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தார்.
மேசையில் ஓர் ஈர வட்டம்.
"இதுக்கும் ஒன்று இருக்கு" என்றார்.
"பொருளை எடுத்த பிறகு
அது இருந்த இடத்தில் பேசும் கலம்.
எலிக்கு நாட்கணக்கில் பேசும்."
எங்களுக்கு எவ்வளவு காலம் என்று
நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தேன்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
காட்போட் பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றன.
கோட்டை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது,
அவற்றிடம் யாரும் சொல்லவில்லை.
உப்புவெளி தாண்டி
சாம்பல்தீவுப் பாலத்துக்கு முன்னால்
என் கை பிறேக்கை அழுத்தியது.
அழுத்திய பிறகுதான் எனக்குத் தெரியும்.
தார்ப் பீப்பா இல்லை. மண்மூட்டை இல்லை.
அந்த இடத்தில் கொத்துரொட்டிக் கடை.
இடது கை அடையாள அட்டை தேடி
பைவரை போய்
பாதியில் வெட்கப்பட்டு நின்றது.
எத்தனை வருஷமாக இப்படிப் போய் வருகிறதோ!
பின்னால் வந்த முச்சக்கரக்காரன் ஹோர்ன் அடித்தான்.
முந்திப்போய்
அவனும் மெதுவாக்கினான்.

ரிப்போட்டில் எழுதினேன்:
இடம், வலது. அளவு, எட்டு மில்லிமீற்றர்.
மிதவைக்கு அதில் கட்டமில்லை.

சாவடியை எடுத்த வருஷம்
கம்ஷிகாவுக்குப் பல் முளைக்கவில்லை.
போன மாதம் லைசென்ஸ் எடுத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை அவளை ஓட்டவிட்டுப்
பின்னால் இருந்தேன்.
பாலத்துக்கு முன்னால்
வண்டி தணிந்தது.

"ஏன்?"
"என்ன ஏன்?"
"மெதுவாக்கினாய்."
"இதில மெதுவாத்தானே போறது, அம்மா."

தட்டில் கொத்துகிற சத்தம்
எங்கள் இரண்டு பேரையும் கடந்து போனது.
பாலம் ஏறியதும்
அவள் வேகத்தைக் கூட்டினாள்.